கூலிக்குப் பின்னரே கொடை

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் வைகறைத் தொழுகைக்குப் பாங்கொலி எழும்போதே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. சேலையின்மேல் ஆண்களின் பழைய சட்டை ஒன்றை அணிந்து, கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறுகிறார்கள். தொழுகை முடித்தோர் பள்ளிவாசலின் படியிறங்கும் முன்பே வண்டிகள் மலையடிவாரத்தை நெருங்கிவிடுகின்றன. மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் உழைத்துவிட்டு, பொழுது சாய்ந்த பின்னரே அவர்கள் இல்லம் மீள்கிறார்கள். ஒரு நாள் கூலிக்காக ஒவ்வொரு நாளும் ஒரு மாநில எல்லையைக் கடந்து திரும்பும் வாழ்க்கை அவர்களுடையது.

அவ்வண்டிகளில் அமர்ந்திருப்போர் எல்லாச் சமயங்களையும் சார்ந்தவர்கள். தோட்ட உரிமையாளர்களும் ஏலக்காய் வணிகர்களும் அவ்வாறே. அவர்களுள் முஸ்லிம்களும் உளர். ஆகவே உழைப்பையும் கூலியையும் வறுமையையும் பற்றி இஸ்லாம் வகுத்தளித்த நெறி, இப்பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை ஏட்டில் உறங்கும் செய்தியன்று. அது நாள்தோறும் அந்திப்பொழுதில், கூலி கைமாறும் அந்த நொடியில், சோதனைக்கு உள்ளாகிற செய்தி.

தண்ணீர் தந்த வளம்

கம்பம் பள்ளத்தாக்கைக் காண வருவோர் கண்ணில் முதலில் படுவது பசுமை. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதன் பயன் அது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பொறுப்பில் எழுந்த முல்லைப்பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பெற்றது. இன்றும் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் அத்தண்ணீரால் இருபோகம் விளைகிறது. வாழையும் தென்னையும் உண்டு. ஆண்டு முழுதும் காய்க்கும் கம்பம் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று பென்னிகுவிக்கின் பிறந்தநாளைப் பொங்கலிட்டுக் கொண்டாடும் நன்றியுணர்வும் இம்மண்ணுக்கு உரியது.

ஆனால், தண்ணீர் ஏக்கர்க் கணக்கில் பங்கிடப்படுவது. ஏக்கர் இல்லாதவனுக்கு அதில் நேரான பங்கில்லை. நடவிலும் அறுவடையிலும் கிடைக்கும் கூலியே அவனை வந்தடையும் தண்ணீர். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பின்னர் அந்த நாள்களும் சுருங்கிவிட்டன. வளமான நிலத்தின் நடுவே வேலையற்ற கைகள் பெருகியது இவ்வாறுதான்.

பெருநகரம் இல்லாத நகரத்தார்

வறுமை என்றதும் சென்னை போன்ற மாநகரின் நடைபாதைகளையும் கூவம் கரைக் குடிசைகளையும் எண்ணுவது நம் வழக்கம். மாநகரத்தின் வறுமை கண்முன் கிடக்கிறது. அதனை ஆராய நிறுவனங்களும் எழுத ஏடுகளும் உண்டு. சிறுநகரத்தின் வறுமையோ ஓட்டு வீட்டின் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் மாநகரம் எதுவும் இல்லை. ஆயினும் 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, இம்மாவட்டத்தின் 12,45,899 மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் நகர்ப்புறத்தார். தமிழகத்தின் மொத்தக் கணக்கிலேயே அந்த விகிதம் 48 அளவில்தான் இருந்தது. தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய நகராட்சிகளும், உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், கம்பம் புதுப்பட்டி முதலிய பேரூராட்சிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் நேர்ந்த நிலை இது. பெயரால் நகரம், பிழைப்பால் காடும் கழனியும். இவ்வூர்களின் ஏழைகள் அந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

எவ்வாறெனில், 2005-இல் சட்டமாகி 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகக் குடும்பங்களுக்கென வகுக்கப்பட்டது. 2025 டிசம்பரில் அதனிடத்தில் இயற்றப்பட்ட புதிய சட்டம் நாள்களை 125 ஆக உயர்த்தியபோதிலும், அதுவும் ஊரகத்துக்கே உரியது. ஊராட்சியில் வாழ்பவருக்கு உள்ள அந்த உரிமை, அடுத்த தெருவிலேயே பேரூராட்சி எல்லை தொடங்கிவிட்டால் அங்கே வாழ்பவருக்கு இல்லை. இருவரும் ஒரே ஜீப்பில் ஏறுபவர்களாக இருக்கலாம். ஒரே தோட்டத்தில் களை வெட்டுபவர்களாக இருக்கலாம். மலைக்கு அப்பால் உள்ள கேரள அரசு, அய்யன்காளியின் பெயரால் நகர்ப்புறத்தாருக்கும் ஒரு வேலை உறுதித் திட்டத்தை 2010-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. தமிழக அரசு 2022-இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சில நகரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது.

வறுமையை அளக்கும் அளவுகோல்களும் இவர்களைக் காண்பதில்லை. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில், 2019–21 காலத்தில் தமிழ்நாட்டின் வறியோர் நூற்றுக்கு 2.2 பேர் எனக் காட்டப்பட்டது. மகிழத்தக்க எண்தான். ஆனால் அக்கணக்கு ஊட்டத்தையும், பள்ளிப்படிப்பையும், மின்விளக்கையும், கழிப்பிடத்தையும், வங்கிக் கணக்கையும் எண்ணுகிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்பவை அதில் இல்லை. வீட்டில் விளக்கு எரிகிறது, வங்கியில் கணக்கு இருக்கிறது, அடுப்பில் மட்டும் உலை ஏறவில்லை என்னும் நிலையும் இவ்வுலகில் உண்டு.

மலையேறும் பிழைப்பு

கூடலூரிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் செல்லும் மூன்று மலைப்பாதைகளே பள்ளத்தாக்கின் பிழைப்புப் பாதைகள். ஏலக்காய் ஒரே நாளில் அறுத்துக் குவிக்கும் பயிரன்று. தரையை ஒட்டிப் படரும் கொத்துகளில் பதமான காயை மட்டும் குனிந்தும் அமர்ந்தும் விரலால் தேர்ந்து பறிக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் நிகழும் இவ்வேலையை இன்னும் எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்ளவில்லை. பறித்த காய் உலர்ந்த பின் போடியில் தரம் பிரிக்கும் வேலையும் பெரும்பாலும் பெண்களின் கைகளிலேயே இருக்கிறது.

அக்காய்க்கு விலை நிர்ணயிக்கும் மின்னணு ஏலம், நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடைபெறுகிறது. 2018-இன் பெருவெள்ளத்தால் விளைச்சல் குன்றிய பின்னர், 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. மூன்றாண்டுகள் கழிவதற்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். விலை ஏழு மடங்கானபோது கூலி ஏழு மடங்காகவில்லை. விலை சரிந்தபோதோ முதலில் குறைக்கப்படுவது வேலை நாள். உயர்வில் பங்கில்லாத உழைப்பாளி, தாழ்வில் மட்டும் பங்காளியாகிறான்.

எல்லை மூடினால் நேர்வதையும் இவர்கள் அறிவார்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் இணைந்தன. அன்று வரைபடத்தில் இழுத்த கோடு, 2011 டிசம்பரில் அணைப் பூசல் மூண்டபோது மதிலாக எழுந்தது. மலையில் தங்கி உழைத்த தமிழர் பலர் கையிலிருந்ததை விட்டுவிட்டுக் கீழிறங்கினார்கள். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் எல்லை அடைபட்டபோது மூன்று பாதைகளும் ஒருசேர மூடின. அன்றாடக் கூலிக்கு ஆண்டுச் சேமிப்பு ஏது? அடகுக் கடையும் தண்டல்காரரும் அந்த இடைவெளியை நிரப்பினார்கள்.

சட்டமும் எட்டிய தொலைவு குறைவே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்தையும் உள்ளடக்கியிருந்தது. எனினும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தையும், 15 பேருக்குக் குறைவாக ஆள் வைத்த தோட்டத்தையும் அது தொடவில்லை. ஒரு நாள் ஒரு தோட்டம், மறுநாள் வேறொரு தோட்டம் என்று செல்பவருக்கு எசமானர் யாரென்பதே தெளிவில்லை. வண்டி ஓட்டுபவரே ஆள் சேர்ப்பவராகவும் இருப்பதுண்டு. கூலி அவர் கைவழியே வரும்போது வண்டிக் கட்டணமும் முன்பணமும் அதில் கழிந்துபோகின்றன.

மலையும் வேண்டாமென்று எண்ணும் இளைஞர்களுக்கு இப்பொழுது ரயில் இருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் மீண்டது. சென்னைக்கு நேர் வண்டியும் வந்தது. மாநகரத்தின் கூலிச்சந்தைக்கு இனி ஓரிரவுத் தொலைவுதான். ஆனால் அங்கும் அவர்கள் சேர்வது அதே அன்றாடக் கூலிப் பட்டியலில் என்பதை மறக்கலாகாது.

கூலி ஒரு கடன்

இவ்விடத்தில்தான் மார்க்கத்தின் சொல் நினைவுக்கு வருகிறது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை அறியாத முஸ்லிம் இல்லை. ஆளை அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் கொடாதவனுக்கு எதிராக மறுமை நாளில் இறைவனே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையையும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஏழைக்காக இறைவன் வாதியாக நிற்கும் வழக்கில் எந்தச் செல்வன் வெல்ல இயலும்?

குகையில் அகப்பட்ட மூவரின் வரலாற்றை அண்ணலார் எடுத்துரைத்தார்கள். பாறை உருண்டு வாயிலை அடைத்துக்கொண்டபோது, தாம் இறைவனுக்காகவே செய்த நற்செயல் ஒன்றைச் சொல்லி ஒவ்வொருவரும் இறைஞ்சினர். அவர்களுள் ஒருவர் பணியாட்களை வைத்து வேலை வாங்கியவர். அவரிடம் உழைத்த ஒருவன் கூலியைப் பெறாமலே சென்றுவிட்டான். அந்தக் கூலியை அவர் தமதாக்கிக்கொள்ளவில்லை. அதனை விதைத்தார், பெருக்கினார், அது மாடும் ஆடுமாகப் பல்கியது. பல்லாண்டு கழித்து அவன் வந்து பழைய கூலியைக் கேட்டபோது, கண்ணுக்கெட்டிய மந்தையைக் காட்டி, எல்லாம் உன்னுடையதே என்றார். கேலி செய்வதாக எண்ணினான் அவன். கேலியன்று எனத் தெளிவித்து அனைத்தையும் ஒப்படைத்தார். பாறை விலகியது.

விலை உயர்ந்தால் அதில் உழைத்தவனுக்கும் பங்குண்டு என்று எண்ணும் மனம் அந்த வரலாற்றில் இருக்கிறது. ஏலச்சந்தையில் விலை ஏறும் ஆண்டில் தோட்டக்காரர் நினைவுகூர வேண்டிய வரலாறு அது. சிறு தோட்டக்காரருக்கும் தொல்லைகள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. மழை பிந்தினாலும், விலை வீழ்ந்தாலும், நோய் தாக்கினாலும் அவரே முதலில் அடிபடுகிறார். ஆயினும் அவருடைய நட்டம் அவர் ஏற்ற வணிகத்தின் நட்டம். அதனைக் கூலிக்காரன்மீது இறக்கிவைக்க மார்க்கம் இடந்தரவில்லை.

சட்ட நுணுக்கத்திலும் இதற்குத் தெளிவு உண்டு. இப்பகுதி இராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, ஒருவர் தமது ரொக்கத்துக்கும் வணிகப் பொருளுக்கும் ஜகாத் கணக்கிடும்போது, பிறருக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்த பின்னரே தம் செல்வம் நிஸாப் அளவை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிலுவையிலுள்ள கூலியும் கடனே. அது பெட்டியில் இருந்தாலும் பெட்டிக்கு உரியவரின் பொருளன்று. ஆகவே கொடாத கூலியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரமலானில் தர்மம் வழங்குபவர், பிறர் பொருளைத் தானம் செய்தவராகிறார். கொடுக்க வேண்டிய கூலியையே ஜகாத் எனக் கணக்கெழுதிக்கொள்வதும் செல்லாது. கூலி முழுதாக முடிந்த பின்னரே கொடை தொடங்குகிறது.

விளைச்சலுக்குரிய உஷ்ரிலும் உழைப்பின் மதிப்பு துலங்குகிறது. மழையாலும் இயற்கை நீராலும் விளைந்ததில் பத்தில் ஒன்று கடமை. பாடுபட்டு இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்றே கடமை. மனித முயற்சி சேர்ந்த இடத்தில் கடமையே பாதியாகக் குறைகிறது. தன் கணக்கிலேயே உழைப்புக்கு மதிப்பளிக்கும் சட்டம் இது. நெல்லுக்கும் திராட்சைக்கும் ஏலத்துக்கும் தத்தம் கடமை எவ்வளவு என்பதைத் தோட்டக்காரர்கள் ஆலிம்களிடம் கேட்டறிதல் நன்று. ஆண்டிறுதி ரொக்கத்தில் நாற்பதில் ஒன்று கொடுத்துவிட்டு விளைச்சலை மறந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

கோடரிக்குக் காம்பிட்ட கரங்கள்

கூலி ஒழுங்காக வந்தாலும் வேலையற்ற மாதங்கள் எஞ்சுகின்றன. அங்கேதான் ஜகாத்துக்கு வேலை.

அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்ணலாரிடம் வந்து உதவி கேட்டார். உம் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே பெருமானாரின் முதல் வினா. ஒரு பாதியை விரித்து மறுபாதியைப் போர்த்திக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், தண்ணீர்க் கிண்ணம் ஒன்றும் உள்ளன என்றார் அவர். அவற்றை வருவித்துத் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்தில் வீட்டாருக்கு உணவும், மற்றொன்றில் ஒரு கோடரியும் வாங்கிவரச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பிட்டு, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள்கள் தம் கண்ணில் படவேண்டாமென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இந்த வரலாற்றைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதன் முதல் வினாவை மட்டும் விட்டுவிடுகிறோம். உன்னிடம் என்ன இருக்கிறது, உனக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்காமல், வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தையல் இயந்திரத்தை வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள் நடைபெறுகின்றன. தைக்கத் தெரியாத வீட்டில் அந்த இயந்திரம் சில மாதங்களில் விலைபோகிறது. ஏலக்காய் தரம் பிரிப்பதில் இருபதாண்டுத் தேர்ச்சி பெற்ற பெண்ணுக்குத் தேவையானது தையல் இயந்திரமா, பறிப்பில்லாத மாதங்களில் அடகிலிருந்து மீட்கும் சிறு தொகையா என்று அவளையே கேட்டால் விடை கிடைக்கும்.

திருமறை வகுத்த எட்டு வகைப் பயனாளிகளுள் கடனில் மூழ்கியோரும் அடங்குவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2025-இலும் 2026-இலும் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி அமைந்தது. அதே மாதங்களில்தான் ஏலப் பறிப்பு ஓய்ந்து, ஜீப்புகள் காலியாகி, தண்டல் வட்டி வளரத் தொடங்குகிறது. ஜகாத் திரளும் காலமும் கடன் ஏறும் காலமும் ஒன்றாக வருவதைக் கண்டும் காணாமல் இருக்கலாகாது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் செய்யத்தக்க சில பணிகள் உண்டு. தனித்தனியே சில்லறையாகச் சிதறும் ஜகாத்தை ஒன்றுதிரட்டிக் கடன்பட்ட உழைப்பாளிகளை வட்டியிலிருந்து விடுவிக்கலாம். நன்கொடையிலிருந்து தனியே ஒரு நிதி அமைத்து, வேலையற்ற மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கி, பறிப்புக் காலத்தில் திரும்பப் பெறலாம். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதியவும், 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவுக்கும், படித்த இளைஞர்கள் விண்ணப்பம் எழுதித்தரலாம். வண்டியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதில்லை, கூலியை உழைத்தவர் கையிலேயே கொடுப்பது என்னும் இரண்டு உறுதிகளைத் தோட்டக்காரர்களிடமும் வண்டி உரிமையாளர்களிடமும் பெறலாம். இவற்றுள் வட்டியில்லாக் கடனும் விண்ணப்ப உதவியும் சமயம் பாராது அனைவருக்கும் திறந்திருக்கட்டும். கூலியின் உரிமையிலோ சமயம் நுழையவே இடமில்லை.

இவை இயலாத கனவுகள் அல்ல. உத்தமபாளையத்தில் 1956-இல் எழுந்த ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி, ஈட்டிய செல்வத்தை நீடித்த நன்மையாக மாற்ற இம்மண்ணுக்குத் தெரியும் என்பதன் சான்றாக நிற்கிறது. கல்வி மகனுக்கும் மகளுக்கும் ஏணியாகிறது. அந்த ஏணியில் அவர்கள் ஏறி முடியும்வரை தாய் நாள்தோறும் ஜீப்பில் ஏற வேண்டியிருக்கிறது. அவளுடைய இன்றைய கூலியே நாளைய கல்விக் கட்டணம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் உணர்தல் வேண்டும்.

இன்று ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் தோட்டக்காரரும், வணிகரும், கட்டடம் எழுப்புபவரும், வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவரும் பள்ளிவாசலின் படியேறுமுன் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். என்னிடம் உழைத்தவரின் கூலி ஏதேனும் என் கையில் நிற்கிறதா? நிற்குமாயின், உண்டியலில் காசு இடுமுன் அதைக் கொடுத்துவிடட்டும். மாலையில் மலையிறங்கி வரும் வண்டிகளிலிருந்து இறங்குவோர் முழுக்கூலியுடன் தத்தம் வீட்டுக் கதவைத் திறப்பார்களாயின், அந்த ஊரில் கையேந்துவோர் குறைவர்; கொடுப்போரின் கொடையும் தூய்மை பெறும். அத்தகைய ஊர்களாக நம் ஊர்களை ஆக்கிட வல்ல இறைவன் அருள்புரிவானாக.